ஏலக்காய் அடுப்பில் காய்ந்த தவில்

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பாலக்காட்டிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் போகிற எங்களுக்கு அதுதான் சுருக்கு வழி. பாலக்காட்டில் எனக்குத் தோல் மண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய வேனில் இரண்டு தவில், ஓர் உறுமி, ஒரு பம்பை, உபரியாக ஒரு கட்டுத் தோல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்தில் அந்தக் கொட்டுகளைச் செய்த ஆறுச்சாமி.

“ஏனுங்க, தோலை வித்துப்போட்டு அதும் பின்னாலயே போற யாவாரி ஊர்ல நீங்க ஒருத்தருதானுங்க” என்று என் வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்னாள். சொல்லிக்கொண்டே பத்துச் சப்பாத்தியும் ஒரு தூக்குக் கோழிக் குழம்பும் கையில் கொடுத்தாள். திட்டும் சாப்பாடும் சேர்ந்து வந்தால் பயணம் நன்றாக அமையும் என்பது என் அனுபவம்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் முத்தையா, அங்குள்ள மேள செட்டின் தலைவர். முதல் தவில் அவருடையது. தை மாதம் பிறந்தால் என் மண்டிக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகத்தால் சுண்டிப் பார்த்து, மூன்று டீ குடித்து, கடைசியில் முதலில் எடுத்துக் காட்டிய தோலையே வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வருடமாக ஆள் வரவில்லை. வேறு மண்டி பிடித்துவிட்டார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். ரோஷம் தாங்காமல் ஒருநாள் போன் போட்டேன்.

“மண்ணு வந்திருச்சு பாய். லயம் போச்சு. அம்மா போச்சு. கொட்டெல்லாம் போச்சு” என்றார்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லயம் என்பது தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். போன வருடத்துக்கு முந்தைய மழையில் மலை சரிந்து பதினோரு வீடுகள் கொண்ட அவர்கள் லயம் அப்படியே புதைந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் கல்யாணக் கச்சேரிக்குக் கம்பம் போயிருந்ததால் நாதஸ்வரம் மட்டும் தப்பியது. போன வருடம் அம்மன் திருவிழாவே நடக்கவில்லை. இந்த வருடம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அம்மன் புறப்பாடு. கொட்டு இல்லாத செட்டை நம்ப முடியாமல் கோயில் கமிட்டி கீழேயிருந்து ஒரு செண்டை மேளத்துக்குச் சொல்லி வைத்திருந்தது.

தோல் என் பொறுப்பு என்றேன். சும்மா ஓர் ஆணிகூடக் கொடுக்காத ஆறுச்சாமி, “கூலிப் பேச்சே வேண்டாமுங்க” என்று சொன்னபோது மண்டியில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு மாதம் ராப்பகலாக இழைத்தார், கட்டினார், முறுக்கினார். கொட்டு ஒவ்வொன்றும் பாலக்காட்டுக் காற்றில் சும்மா கணீரென்று பேசியது.

உடுமலை தாண்டியதும் சப்பாத்தியைப் பிரித்தோம். பழனியில் ஆறுச்சாமி மலையைப் பார்த்துக் கும்பிட்டார், நான் பஞ்சாமிர்தம் வாங்கினேன். பாதி டப்பாவை நானே தீர்த்துவிட்டேன் என்று அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். தேனிப் பக்கம் வெயில் கொளுத்தியது. போடிக்குள் நுழைந்த நேரம் வேனின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்த வண்டியிலயா மலை ஏறப் போறீக?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் ஜீப்பில் இடம் பிடித்தோம். இடம் என்றால் உட்காரும் இடம் இல்லை, ஒட்டிக்கொள்ளும் இடம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் விடும் நேரத்து பஸ்கூட இதற்கு முன்னால் விசாலமான கல்யாண மண்டபம். தூக்குவாளிகளுக்கு நடுவே தவிலை எங்கே வைப்பது என்று நான் முழித்தபோது, பாண்டியம்மா என்ற பெண் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னண்ணே, கச்சேரிக்கா?”

“முத்தையா செட்டுக்கு” என்றேன்.

“யாத்தே! நம்ம முத்தையா அண்ணனுக்கா? அடியே, காலை மடக்குங்கடி, உறுமிக்கு எடம் விடுங்க!”

அவ்வளவுதான். நாலு கொட்டும் நாலு மடியில் ஏறிவிட்டன. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பெண்கள் ஒரு பக்கம் சாய, கொட்டும் சாய, நான் கம்பியைப் பிடித்தபடி அல்லாவை அழைத்துக்கொண்டிருந்தேன். ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டு வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மலை ஏறுகிறார். கீழே போடி முழுவதும் வெயிலில் கிடக்க, எங்கள் முகத்தில் மேகம் வந்து மோதியது. ஐம்பத்திரண்டு வயதில் சின்னப்பிள்ளை மாதிரி கையை வெளியே நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தேன்.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஒருவர் தோல் கட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஆடா மானா என்று மலையாளத்தில் கேட்டார். முப்பது வருடத் தொழிலாயிற்றே, விடுவேனா! ஆட்டுத் தோல் எப்படி இருக்கும், கன்றுத் தோல் எப்படி இருக்கும், ரோமக்கால் எங்கே நெருங்கும், எங்கே விலகும் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஜீப்பிலிருந்து பாண்டியம்மா, “சாரே, காய் எடுக்க நேரமாச்சு, கொட்டு வேணும்னா திருவிழாவுக்கு வந்து கேளுங்க” என்று பம்பையில் இரண்டு தட்டுத் தட்டினாள். நாளைக்கு வருகிறேன் என்று சிரித்தபடி அவர் தடுப்புக் கம்பைத் தூக்கினார்.

முத்தையா ரோட்டிலேயே நின்றிருந்தார். இரண்டு வருடத்தில் பத்து வயது கூடியிருந்தது. ஜீப்பிலிருந்து தவிலை இறக்கியதும் தோளில் மாட்டவில்லை, கீழேயும் வைக்கவில்லை. தூங்கும் குழந்தையை வாங்குகிறவர் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பிறகு அங்கேயே நின்று குச்சியால் ஓர் அடி, விரலால் ஓர் அடி. எதிர் மலை திருப்பிச் சொன்னது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆறுச்சாமியோ அசட்டையாக, “அப்படித்தானுங்க கேக்கும்” என்றார்.

முத்தையா குடும்பம் இப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறது. அவர் மனைவி பேச்சியம்மா கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்திருந்தார். எங்களுக்கென்று ஒரு சேவலைக் கட்டிப்போட்டு, அறுக்காமல் வைத்திருந்தார். “நீங்களே அறுத்துக் குடுங்க பாய். அப்பத்தேன நீங்க நிம்மதியாச் சாப்பிடுவீக” என்றார். எத்தனையோ விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறேன். அறுக்காத சேவலைக் காட்டி என்னை மதித்தவர் அவர்தான். குழம்பில் அரைத்துவிட்ட பச்சை ஏலக்காயின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

சாப்பிடும்போதுதான் மனதில் கிடந்ததைக் கேட்டேன். “செண்டைக்காரர்களும் நன்றாகத்தானே அடிப்பார்கள் முத்தையா? ஒரு வருடம் அவர்கள் அடித்தால் என்ன?”

“சூப்பரா அடிப்பாங்க பாய், அதுல குத்தமே சொல்ல முடியாது” என்றார். “ஆனா இங்க அம்மன் வீடு வீடா வருவா. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, அந்த வீட்டுக்காரன் பேரைச் சொல்லி, ஒரு வாசல் அடி அடிச்சிட்டுத்தேன் அடுத்த வீட்டுக்குப் போகணும். அவங்களுக்கு எங்க வீடு தெரியுமா? மண்ணு மூடின எடத்துல வந்தா விறுவிறுன்னு நடந்து போயிருவாங்க. வீடே இல்லாத எடத்துல எவன் நிப்பான்? இந்த வருசம் நிக்காமப் போனா அப்புறம் என்னைக்குமே நிக்காது. பதினோரு வீடும் இருந்த தடமே இல்லாமப் போயிரும். அம்புட்டுத்தேன்.”

பேச்சியம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கொட்டு கொண்டுவந்து கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்த நான், இவரை நாளைக்கு அடிக்க வைக்காமல் மலை இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் மூடுபனி இறங்கியது. எங்கள் ஊரில் காற்று வந்தால் துணி காயும். இங்கே காற்று வந்தால் காய்ந்த துணியும் நனைகிறது. ஒத்திகைக்கு உட்கார்ந்த முத்தையா ஓர் அடி அடித்தார். தொப்பென்று சாக்கு மூட்டையை அடித்தது போல ஒரு சத்தம். ஆறுச்சாமியின் முகம் செத்துவிட்டது.

“பனிக்கு எறங்கும்ணே, எங்களுக்குப் பழக்கம்தேன். முன்னெல்லாம் வெறகடுப்புக்கு மேல பரண்ல தூக்கி வைப்போம், காலையில கணகணன்னு இருக்கும். லயத்தோட அடுப்பும் போச்சு. இப்ப கேஸ் அடுப்பு” என்றார் முத்தையா. “வெயில் வரட்டும், தானா ஏறிரும். முறுக்கிறாதீக.”

ஆறுச்சாமி கேட்டால்தானே! தான் கட்டிய தவில் தொப்பென்று சத்தம் கொடுப்பதைத் தாங்கிக்கொள்ளும் மனசு அவருக்கு இல்லை. முத்தையா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஸ்பேனரை எடுத்து, தவில் வளையத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்காதது மட்டுமில்லை, டார்ச் அடித்துக் காட்டியவனே நான்தான். தட்டிப் பார்த்தோம். பழைய கணீர் திரும்பியிருந்தது. இரண்டு திருடர்களும் சந்தோஷமாகப் படுத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மலையே கண்டிராத வெயில். பேச்சியம்மா தவிலை வெளியே நாற்காலியில் வைத்தார். நான் பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பட்டென்று வெடிச் சத்தம். திருவிழா வேட்டு என்று நினைத்துத் திரும்பினால், முதல் தவிலின் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், குறுக்கே கிழிந்து கிடந்தது. ஈரத்தில் இறுக முறுக்கிய தோல் வெயிலில் காய்ந்து சுருங்க இடமில்லாமல் கிழிந்துவிட்டது.

முத்தையா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மணி என்ன பாய்?” என்று மட்டும் கேட்டார். எட்டரை.

“பாலக்காட்டுல இப்புடி ஆனதே இல்லீங்களே” என்று ஆறுச்சாமி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பாலக்காட்டில் மேகம் வீட்டுக்குள் வராது, எழுந்திரும்” என்று அவரை அதட்டினேன். உபரித் தோல் கட்டைப் பிரித்து இருப்பதில் ஆகச் சிறந்ததை எடுத்தேன். ஊறவைத்து, வளையத்தில் ஏற்றி, தவிலில் பூட்டி முடித்தபோது பதினொன்றரை. வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் தோல் முழு ஈரம். வெயிலும் அந்த நேரம் பார்த்து மறைந்துவிட்டது. நாலு மணிக்குள் அது எப்படிக் காயும்?

“ஏலக்காய் ஸ்டோர்!” என்றார் பேச்சியம்மா.

பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் அங்கே ஸ்டோர் என்கிறார்கள். வெளியே பெரிய விறகடுப்பு, உள்ளே சூட்டுக் குழாய்கள் ஓடும் அறை. தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டோர் முதலாளி பேபிச் சேட்டன், பெயர்தான் பேபி, ஆறடி ஆள். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துவிட்டார். தோல் வாடை காயில் ஏறிவிட்டால் ஏலம் விடும் இடத்தில் முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடுவார்கள், என் பிழைப்பே நாறிவிடும் என்று மலையாளத்தில் கத்தினார்.

அவர் சொன்னது நியாயம். நாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்கள் எல்லாம் அதை வைத்துத்தான் யோசித்தார்கள். “சேட்டா, நானும் வியாபாரி. உங்கள் காய் அறைக்குள் இது போக வேண்டாம். வெளியே அடுப்பு வாய்ப் பக்கம் ஒரு மூலை கொடுங்கள்” என்றேன். முத்தையா ஈரத் தவிலைக் கையில் ஏந்தியபடி நின்றார். சேட்டன் அவரைப் பார்த்தார், தவிலைப் பார்த்தார். “மழையன்று இவனோடு சேர்ந்து மண் தோண்டியவன் நான்” என்று என்னிடம் எதற்கோ சொன்னார். பிறகு வழி விட்டார்.

வழி விட்டதோடு நிற்கவில்லை. ஆறுச்சாமி தவிலை அடுப்பு வாயருகே கொண்டுபோய் வைத்ததும், சேட்டன் பாய்ந்து வந்து இழுத்தார். “பச்சைக் காயை எடுத்த எடுப்பில் சூட்டில் போட்டால் வெடிக்கும். தோல் மட்டும் வெடிக்காதா? முதலில் அந்தச் சுவர். ஒரு மணி நேரம் கழித்து இங்கே. திருப்பிக்கொண்டே இரு. நட்டைத் தளர்த்து!” முப்பது வருடம் கொட்டுக் கட்டிய ஆறுச்சாமி, கொட்டையே தொட்டிராத ஏலக்காய்க்காரர் சொன்னபடி தவிலைத் திருப்பித் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன். மற்ற மூன்று கொட்டுகளும் வந்து வரிசையில் சேர்ந்தன. பாண்டியம்மா கூட்டம் காய் எடுத்துத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, காஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். ஊருக்கே அன்றைக்குத் தவில்தான் உலை.

மூன்று மணிக்குச் செண்டை மேளக்காரர்களின் வேன் வந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் சிவப்புக் கரையுமாக இளவட்டங்கள். கமிட்டித் தலைவர் ஸ்டோருக்கே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். “முத்தையா, நாலுக்கு அம்மன் எந்திரிச்சாகணும். அதுக்கு மேல என் கையில இல்ல.”

மூன்றே முக்காலுக்குச் சேட்டன் புறங்கையைத் தோலில் வைத்துப் பார்த்தார். ஏலக்காயை முகர்வது போலக் குனிந்து முகர்ந்தார். தலையாட்டினார். ஆறுச்சாமி ஸ்பேனரை எடுத்தார், கால் திருப்பு திருப்பினார், முத்தையாவின் முகத்தைப் பார்த்தார். முத்தையா போதும் என்று கை காட்டினார். இந்தத் தடவை ஆறுச்சாமி உடனே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

நாலு மணிக்குக் கோயில் வாசலில் முத்தையா குச்சியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்தது. கணீர்! பின்னாலேயே இரண்டாவது தவில், உறுமியின் உறுமல், பம்பையின் படபடப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நாதஸ்வரம். கூட்டம் குலவையிட்டது. சூடேறிய கொட்டுகளிலிருந்து ஏலக்காய் வாசம் கிளம்பி வந்தது. ஆறுச்சாமி என் தோளைப் பிடித்து உலுக்கி, “கேட்டீங்களா ராவுத்தரே, கேட்டீங்களா!” என்று கத்தினார். காது இருக்கிற யார்தான் கேட்காமல் இருக்க முடியும்! செண்டைக்காரர்களின் தலைவன் தலையாட்டி ரசித்துவிட்டு, நாங்கள் பின்னால் வருகிறோம், நீங்கள் முன்னால் போங்கள் என்று சைகை காட்டினான். வனக்காவலர்கூட வந்திருந்தார்.

கடைத்தெருவில் வாசல் வாசலாக நின்று நின்று போனோம். வாசல் அடி வாங்குவதற்கு வீட்டுக்கு ஒருவர் தட்டில் சூடமும் தேங்காயும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன் பிறகு பாதை இறங்கியது. புல் முளைத்த செம்மண் சரிவு, நடுவில் ஒரு பெரிய பாறை, வேறொன்றும் இல்லை. முத்தையா பாறைக்கு இந்தப் பக்கம் ஓரிடத்தில் நின்று, “கருப்பசாமி வீடு” என்று உரக்கச் சொன்னார். கூட்டத்திலிருந்து கருப்பசாமி தட்டோடு ஓடிவந்து தன் வாசல் இருந்த இடத்தில் நின்றார். வாசல் அடி விழுந்தது. நாலு எட்டுத் தள்ளி அடுத்த பெயர், அடுத்த தட்டு. மண்ணுக்கு மேல் வரிசையாக ஒரு லயம் எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பத்து வீடு முடிந்தது. பதினோராவது முத்தையாவின் வீடு. அவர் அம்மா போனது அங்கேதான். பேச்சியம்மா தட்டோடு முன்பே போய் நின்றிருந்தார். அதுவரை தடுமாறாத முத்தையாவின் கை குச்சியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. நாதஸ்வரமும் நின்றது.

பேச்சியம்மாதான் சொன்னார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? அத்தைக்குத்தேன் காது மந்தமாச்சே. உள்ள கேக்க வேணாமா? நல்லாப் பலமா அடிங்க.”

முத்தையா அடித்தார்.